ஜெயிலுக்குள்ள இருக்குற நம்ம ஆளுக்காக இருக்குற காச எதுல போடுறது: வக்கீலா, மனுவா, ஜாமீனா?

வீட்ல ஒருத்தர் ரிமாண்ட் ஆயிட்டாருன்னா மறுநாளே நாலு பக்கத்துலேர்ந்தும் காசு கேக்கும். வக்கீலுக்கு முன்பணம், மதுரை ஜெயிலுக்குப் போய் மனு பாத்துட்டு (உள்ள இருக்குறவர நேர்ல பாத்துப் பேசுறததான் மனு பாக்குறதுன்னு சொல்லுவோம்) வர்ற செலவு, உள்ள கேண்டீனுக்குக் கட்டுற பணம், பெயில் கிடைச்சா சூரிட்டிக்கு, அதாவது ஜாமீன் நிக்கிற ஆளுக்கு, அலையுற செலவு. இதுல வீட்டுச் சோத்துச் செலவ நான் சேர்க்கவே இல்ல. பாம்பன் தங்கச்சிமடத்துலேர்ந்து இந்தப் பக்கம் ஏர்வாடி, கீழக்கரை, தொண்டி வரைக்கும் கடலுக்குப் போற ஆளு உள்ள போயிட்டா வருமானம் அன்னைக்கே நின்னுரும், சம்மாட்டிகிட்ட (படகு ஓனர்) வாங்குன முன்பணம் மட்டும் நிக்காது, அது கேட்டு வீட்டு வாசலுக்கு வந்துரும். என் தம்பி ரிமாண்ட்ல இருந்தப்ப எங்க வீட்ல நடந்த சண்டை பூராவும் இதுக்குத்தான், அம்மா ஒண்ணு சொல்லுவாக, அவன் பொண்டாட்டி ஒண்ணு சொல்லும், சித்தப்பா வந்து மூணாவதா ஒண்ணு சொல்லுவாக. அதனால ஒவ்வொரு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எது எப்ப உதவும்னு எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன், இப்ப இதே நிலைமைல நிக்கிற அக்கா தங்கச்சிகளுக்காக.

முதல்ல வக்கீல் விஷயம், ஏன்னா எல்லாரும் முதல்ல இதுக்குத்தான் ஓடுறோம். காசு குடுத்து வைக்கிற வக்கீலா, இலவச சட்ட உதவி வக்கீலா? இலவசம்னு சொன்னதுமே நம்ம ஆளுங்க மூஞ்சிய சுளிக்கிறாங்க, 'ஓசி வக்கீலு எங்க வாதாடப் போறாரு'ன்னு, தாலிக்கொடிய அடகு வச்சாவது பெரிய வக்கீலப் பிடிக்கணும்னு நிக்கிறாங்க. ஆனா சட்டத்துல காவல்ல இருக்குற யாரா இருந்தாலும் இலவச வக்கீல் கேக்குற உரிமை இருக்கு, வருமானம் எவ்வளவுன்னெல்லாம் பாக்கக்கூடாது, 1987ம் வருஷத்து சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் 12வது பிரிவு இது. ராமநாதபுரம் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, வீட்டு ஆளு அங்க போய் மனு எழுதிக் குடுக்கலாம், உள்ள இருக்குறவரு ஜெயில் மூலமாவே எழுதிக் குடுக்கலாம், ஒண்ணும் தெரியலன்னா 15100க்கு போன் போட்டு கேக்கலாம். 2022லேர்ந்து பல மாவட்டங்கள்ல இதுக்குன்னே முழுநேரமா வக்கீல்கள வச்சிருக்காங்க, அவங்க வெளிய தனி கேஸ் எடுக்கக்கூடாது, அதனால 'வாய்தாவுக்கு வந்தா இவ்வளவு'ன்னு உங்ககிட்ட கை நீட்டவும் கூடாது.

தனி வக்கீல்ல என்ன லாபம்னா, நீங்க தேர்ந்தெடுக்குறீங்க, ராத்திரி போன் பண்ணா எடுப்பாரு (எடுக்குறவரா பாத்துப் பிடிக்கணும்), மேல் கோர்ட்டு வரைக்கும் ஒரே ஆளு கேஸ் கட்டத் தெரிஞ்சு வச்சிருப்பாரு. நஷ்டம் என்னன்னா காசு போற வழி தெரியாது. எங்ககிட்ட ஒருத்தர் முன்பணம் வாங்கி வக்காலத்துல கையெழுத்தும் வாங்கிட்டு அதுக்கப்புறம் வாய்தாவுக்கு ஜூனியரக்கூட அனுப்பல, போன் பண்ணா 'பெட்டிஷன் போட்டாச்சு, ஆர்டர் வரும்'னு மட்டும் பதில் வந்துச்சு, கடைசில விசாரிச்சா பெட்டிஷனே போடல. அதுலேர்ந்து நான் எல்லாருக்கும் சொல்றது, எந்த வக்கீலா இருந்தாலும் பெயில் பெட்டிஷன் நம்பர் என்ன, எந்த கோர்ட்டு, அடுத்த தேதி எப்போன்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க. இ-கோர்ட்ஸ் ஆப்ப போன்ல இறக்கி கேஸோட சி.என்.ஆர் நம்பரப் போட்டா அன்னைக்கு கோர்ட்ல என்ன நடந்துச்சுன்னு நீங்களே பாத்துக்கலாம், பத்தாவது படிக்கிற பிள்ளைகிட்ட குடுத்தாக்கூட பாத்து சொல்லிரும். வக்கீலு சரியில்லன்னா மாத்தலாம், அது குத்தம் கிடையாது.

என் அபிப்பிராயம் இதுதான்: அடிதடி, சின்னத் திருட்டு, முதல் தடவையா கடல் அட்டையோட மாட்டுனது, இந்த மாதிரி கேஸ்னா ஆரம்பத்துல சட்ட உதவி வக்கீலே போதும், நகைய தொடாதீங்க. (கடல் அட்டை 2001லேர்ந்து வனவிலங்குச் சட்டத்துல வந்துருச்சு, மூணு வருஷத்துலேர்ந்து ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, அதனால சின்ன கேஸ்னு அலட்சியமும் வேணாம்.) கொலை கேஸ், இல்லன்னா 20 கிலோவுக்கு மேல கஞ்சா பிடிபட்ட கேஸுன்னா கதை வேற, அந்த அளவு கஞ்சாவுக்கு பெயில் குடுக்குறதுக்கே சட்டம் தனியா கட்டுப்பாடு போட்டிருக்கு, கீழ் கோர்ட்டுல தள்ளிட்டா ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குத்தான் போகணும், காசு செலவழிக்கிறதா இருந்தா அங்க இந்த மாதிரி கேஸே நடத்திப் பழகுன ஒருத்தருக்கு செலவழிங்க. கையில இருக்குறதெல்லாம் முதல் வாரத்துலயே குடுத்துட்டு ஹைகோர்ட் போற நேரத்துல வட்டிக்கு வாங்க ஓடுற வீடுகள நான் எங்க தெருவுலயே பாக்குறேன், வயிறு எரியுது.

இன்னொன்னு, வக்கீலு யாரா இருந்தாலும் நாள் கணக்கு நீங்க வச்சுக்கணும். ரிமாண்ட் ஆன நாள காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. போலீஸ் 60 நாளைக்குள்ள சார்ஜ்ஷீட் போடலன்னா பெயில் கேக்குறது அவரோட உரிமை, பத்து வருஷம் அதுக்கு மேல, ஆயுள், தூக்கு வரைக்கும் போகுற குத்தம்னா 90 நாள், வணிக அளவு (20 கிலோவுக்கு மேல) கஞ்சா கேஸுன்னா 180 நாள். இது தானா வராது, அந்த நாள் முடிஞ்சதும், சார்ஜ்ஷீட் உள்ள வர்றதுக்கு முன்னாடி பெட்டிஷன் போடணும், ஒரு நாள் தள்ளிப் போட்டு அதுக்குள்ள சார்ஜ்ஷீட் வந்துருச்சுன்னா அந்த உரிமை போயிரும். அப்புறம் 2024 ஜூலைலேர்ந்து வந்திருக்குற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (பி.என்.எஸ்.எஸ்) 479வது பிரிவுன்னு ஒண்ணு, இதுக்கு முன்னாடி எந்தக் கேஸ்லயும் தண்டனை வாங்காதவரு அந்தக் குத்தத்துக்கு உண்டான அதிகபட்ச தண்டனைல மூணுல ஒரு பங்கு உள்ளயே கழிச்சுட்டாருன்னா பெயில்ல விடணும், மத்தவங்களுக்கு பாதி. ஆயுள், தூக்கு வர்ற குத்தத்துக்கு இது கிடையாது, ஒண்ணுக்கு மேல கேஸ் நிலுவைல இருந்தாலும் கிடையாது. கோர்ட்டுக்கு எழுத வேண்டியது ஜெயில் சூப்பரின்டெண்ட் கடமை, ஆனாலும் நீங்க ஞாபகப்படுத்தணும்.

இப்ப ஜாமீன். நான் இதத்தான் எல்லாத்துக்கும் மேல வைப்பேன். பெயில் ஆர்டர் வந்துருச்சுன்னு வீட்ல சந்தோஷப்பட்டு, அப்புறம் சூரிட்டி இல்லாம ஆளு வாரக்கணக்குல உள்ளயே கெடக்குறது நம்ம கடற்கரைல ரொம்ப சாதாரணமா நடக்குது. ஏன்னா பாதிப் பேரு வீடு புறம்போக்குல இருக்கு, பட்டா இல்ல, வீட்டு வரி ரசீது இருந்தா மாமனார் பேர்ல இருக்கும், அவுக செத்து வருஷமாகியிருக்கும். அதனால பெயில் பெட்டிஷன் போடுற அன்னைக்கே ரெண்டு ஜாமீன்தாரரப் பேசி வச்சிருங்க, ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாம் ஒரு கவர்ல போட்டு ரெடியா வைங்க, தாசில்தார் ஆபீஸ்ல சொத்து மதிப்பு சான்று கேட்டாங்கன்னா அதுக்கு நாளாகும், அதையும் முன்னாடியே எழுதிக் குடுத்துருங்க.

யாரு ஜாமீன் நிப்பாங்கன்னு பாத்தா மூணு வழி இருக்கு. சொந்தக்காரங்க, படகு ஓனர், இல்லன்னா கோர்ட் வாசல்ல காசுக்கு ஜாமீன் நிக்கிற ஆளுங்க. கடைசி வழி பக்கமே போகாதீங்க, அவங்க கொண்டு வர்ற ரசீது போலின்னு தெரிஞ்சா பெயிலும் போகும், புதுசா ஒரு கேஸும் வரும். சம்மாட்டி நிப்பாரு, நல்ல மனுசங்களும் இருக்காங்க, ஆனா சில இடத்துல அதுக்கப்புறம் ஆளு அந்தப் படகத்தவிர வேற எதுலயும் ஏற முடியாத மாதிரி ஆயிரும், கூலி பேச வாய் இருக்காது. சொந்தத்துல ஒருத்தர் நின்னா அதுதான் நல்லது, காளையார்கோவில்ல இருக்குற மச்சானா இருந்தாலும் சரி. 'வெளி மாவட்டத்து ஜாமீன் செல்லாது'ன்னு யாராவது சொன்னா, அப்படிச் சொல்லித் தள்ளக்கூடாதுன்னு 1978லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, மோதிராம் கேஸுன்னு வக்கீலுக்கு ஞாபகப்படுத்துங்க.

யாருமே கிடைக்கலன்னா? 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் ஒரு ஆர்டர் போட்டுச்சு, பெயில் கிடைச்சு 7 நாள்ல ஆளு வெளிய வரலன்னா ஜெயில் சூப்பரின்டெண்ட் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரியப்படுத்தணும், ஒரு மாசத்துல ஜாமீன் குடுக்க முடியலன்னா நிபந்தனைய மாத்தலாமான்னு கோர்ட்டே எடுத்துப் பாக்கலாம். அதே வருஷம் மத்திய அரசு ஏழை கைதிகளுக்குன்னு ஒரு உதவித் திட்டம் கொண்டு வந்துச்சு, பெயில் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபா வரைக்கும், அபராதம் கட்ட முடியாம உள்ள இருக்குற தண்டனைக் கைதிக்கு 25,000 வரைக்கும்னு அப்ப வச்சாங்க, மாவட்ட அளவுல ஒரு கமிட்டி பாத்து முடிவு பண்ணும். கஞ்சா கேஸ், யு.ஏ.பி.ஏ (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) கேஸ், லஞ்ச கேஸ், பணமோசடி தடுப்புச் சட்டத்து கேஸ் இதுக்கெல்லாம் அது கிடையாது. இந்தத் திட்டம் நம்ம ஊர்ல முக்காவாசிப் பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்கு சொல்லுங்க தயவுசெஞ்சு.

நேர்ல போய் மனு பாக்குறதா, போனா, வீடியோ காலா, கடுதாசியா? ஆளு ராமநாதபுரம் மாவட்ட சிறைலயே இருந்தா யோசிக்கவே வேணாம், போயிட்டு மதியத்துக்குள்ள வந்துரலாம். மதுரை மத்திய சிறைன்னா ஒரு நாள் பூரா போகும். ராமேஸ்வரம் தீவுக்குள்ள இருக்குறவங்களுக்கு ரயில்தான் செலவு கம்மி, பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில் நின்னதுலேர்ந்து 2025 ஏப்ரல்ல புது பாலம் திறக்குற வரைக்கும் மண்டபம் வரைக்கும் பஸ்ல வந்து ஏற வேண்டியிருந்துச்சு, இப்ப அந்தக் கஷ்டம் இல்ல. மதுரை ஸ்டேஷன்லேர்ந்து அரப்பாளையம் பக்கம் புது ஜெயில் ரோடு கிட்டதான். பொம்பளைங்களுக்கு இலவச பஸ் டவுன் பஸ்ல மட்டும்தான், மதுரைக்குப் போற பஸ்ல டிக்கெட் எடுக்கணும், அன்னைக்கு கடல் பாசி எடுக்கப் போகலன்னா அந்தக் கூலியும் போச்சு, ரெண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

அப்படிப் போய் காத்துக் கிடந்தாலும் பேசக் கிடைக்கிறது கொஞ்ச நேரம், பக்கத்துல பத்து குடும்பம் ஒரே நேரத்துல சத்தமா பேசும், நம்ம பேசுறது அவனுக்குக் கேக்காது, அவன் பேசுறது நமக்குக் கேக்காது. ஆனாலும் நேர்ல பாக்குறதுக்கு ஈடு எதுவும் இல்லன்னுதான் சொல்லுவேன், ஆளு மெலிஞ்சிருக்கானா, உடம்புல காயம் இருக்கா, கண்ணப் பாத்துப் பேசுறானான்னு போன்ல தெரியாது. முதல் பதினஞ்சு நாள் எப்படியாவது நேர்ல போங்க, அப்பத்தான் உள்ள இருக்குறவருக்கு பயம் ரொம்ப இருக்கும், தப்பான எண்ணமெல்லாம் வரும். அதுக்கப்புறம் ஜெயில் போன்லயும் வீடியோ கால்லயும் வாராவாரம் பேசிட்டு நேர்ல போறத மாசத்துக்கு ஒண்ணு ரெண்டா குறைச்சுக்கலாம். இ-ப்ரிசன்ஸ் சைட்டுல இ-முலாகாத்னு ஒரு பகுதி இருக்கு, நேர்ல பாக்கவோ வீடியோல பேசவோ அதுல பதிவு பண்ணலாம், எந்த ஜெயில்ல எந்த நாள் விடுவாங்கன்னு ஜெயிலுக்கே போன் போட்டு கேட்டுட்டு பண்ணுங்க. ஒரிஜினல் ஆதார் இல்லாம கிளம்பாதீங்க. வாய்தா அன்னைக்கு கோர்ட்ல பாத்துக்கலாம்னும் சிலர் போறாங்க, இப்ப ரிமாண்ட் நீட்டிப்பு பெரும்பாலும் வீடியோலயே முடிச்சுர்றாங்க, நேர்ல கொண்டு வர்றாங்களான்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டுப் போங்க.

கடுதாசிய யாரும் மதிக்கிறதில்ல, நான் மதிப்பேன். அதிகாரிங்க படிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, கேஸ் விஷயம் ஒரு வரி கூட எழுதாதீங்க, ஆனா வீட்டு விஷயம் எழுதுங்க, வலை யாரு தைக்கிறா, அம்மாவுக்கு முட்டு வலி எப்படி இருக்கு, வாடைக்காத்து ஆரம்பிச்சிருச்சா, ஊர்ல திருவிழாக் கொடி ஏத்தியாச்சான்னு. மனு பாக்குறப்ப பேசுனது அன்னைக்கே முடிஞ்சுரும், கடுதாசிய தூக்கம் வராத ராத்திரில திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கலாம். என் தம்பி அப்படித்தான் படிச்சான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போற கஞ்சி மாதிரி அது, பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா உள்ள போய் நிக்கும்.

கேண்டீன் பணம் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. சாப்பாடும் வைத்தியமும் அரசாங்கமே குடுக்குது, பணம் சோப்பு, பிஸ்கட் இந்த மாதிரிக்குத்தான். மொத்தமா கட்டாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா கட்டுங்க, கையில காசு இருக்குறவன்னு தெரிஞ்சா உள்ள வேற தொல்லை வரும். ஜெயில்ல சொல்ற முறைல மட்டும் கட்டி ரசீது வாங்குங்க. 'உங்க ஆளு சொன்னாரு, இந்த நம்பருக்கு அனுப்புங்க'ன்னு வெளியாளு போன் பண்ணா ஒரு ரூபாகூட போடாதீங்க, 'ஜட்ஜ்கிட்ட பேசி முடிச்சுத் தரேன்'னு சொல்றவனும் அதே வகைதான்.

பிள்ளைங்ககிட்ட சொல்றதா மறைக்கிறதா, இது காசு சம்பந்தப்பட்டது இல்லன்னாலும் வீடுவீடா நடக்குற பெரிய தகராறு. நம்ம ஊர்ல மறைக்கிறது ரொம்ப லேசு, 'அப்பா கேரளாவுக்கு தங்கல் (அங்கயே தங்கி மீன் பிடிக்க) போயிருக்காரு'ன்னு சொன்னா பிள்ளை நம்பிரும், நிஜமாவே பாதி வீட்டு அப்பாக்கள் கொச்சிலயும் மங்களூர்லயும்தான் இருக்காங்க. சின்னப்பிள்ளை, நாலு வயசு, ஒரு மாசத்துல வந்துருவாருன்னா அப்படியே விட்டுரலாம். பள்ளிக்கூடம் போற பிள்ளைகிட்ட மறைக்காதீங்க, அதுக்கு வகுப்புல எவனாவது சொல்லத்தான் போறான், போலீஸ் ஜீப் வந்தத தெருவே பாத்துச்சு, அவன் வாயால கேக்குறதவிட அம்மா வாயால கேக்குறது மேல். 'அப்பா மேல ஒரு கேஸ் இருக்கு, கோர்ட்டு விசாரிக்குது, நீ ஒண்ணும் தப்பு பண்ணல, அப்பாவுக்கு உன்மேல பாசம் குறையல', இவ்வளவு போதும். டீச்சர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. பிள்ளையப் பாக்க ஆளில்ல, படிப்பு நிக்கிற நிலைமைன்னா 1098க்கு கூப்பிடலாம்.

இலங்கைல பிடிபட்டு யாழ்ப்பாணம் ஜெயில்ல இருக்குற ஆளுங்க வீட்டுக்கு மேல சொன்னது பாதிக்குமேல பொருந்தாது. அங்க போய் மனு பாக்குறது பாஸ்போர்ட், விசா, டிக்கெட்னு நம்ம சக்திக்கு மீறுனது, அந்தக் காச அதுல போட வேணாம்னுதான் சொல்லுவேன். யாழ்ப்பாணத்துல இந்தியத் துணைத் தூதரகம் இருக்கு, போய்ப் பாக்குறதும் வக்கீல் உதவியும் அவங்க மூலமா நடக்கும், நீங்க செய்ய வேண்டியது இங்க மீன்வளத்துறை ஆபீஸ்ல ஆதார், மீனவர் அடையாள அட்டை, அன்னைக்கு கடலுக்குப் போக டோக்கன் போட்ட விவரம், படகு பதிவு நகல் எல்லாம் உடனே குடுக்குறது, குடும்பத்துக்கு மாநில அரசு குடுக்குற தினப்படிக்கும் அங்கதான் எழுதிக் குடுக்கணும். சங்கத்துல சொல்லிட்டாங்க, அவுக பாத்துக்குவாகன்னு இருந்துராதீங்க, நீங்களே ஒரு தடவை போய் உங்க ஆளு பேரு பட்டியல்ல சரியா இருக்கான்னு பாருங்க. முதல் தடவைன்னா பெரும்பாலும் தண்டனைய ஒத்திவச்சு அனுப்புறாங்க, அதே ஆளு திரும்பவும் பிடிபட்டா ஒத்திவச்சது உயிர் பெற்று வந்துரும், 2024ல அப்படி சிலருக்கு மாசக்கணக்குலயும் வருஷக்கணக்குலயும் ஜெயில் போட்டாங்க, படகு ஓட்டுனவங்களுக்கும் கடுமையா குடுத்தாங்க. அதனால வந்த ஆளு அடுத்த நாளே விசைப்படகுல ஏறுறதா, கொஞ்ச காலம் நாட்டுப்படகு இல்ல கரை வேலைன்னு இருக்குறதான்னு வீட்ல உக்காந்து பேசுங்க. நான் கரை வேலை பக்கம்தான், கூலி கம்மிதான், தெரியும்.

கடைசியா கண்டிஷன் பெயில். வெளிய வந்தாச்சுன்னு எல்லாரும் வக்கீல விட்டுர்றாங்க, அங்கதான் திரும்ப மாட்டுறாங்க. தினமும் காலைல பத்தரைக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துன்னு போட்டாங்கன்னா ராமேஸ்வரத்துல விசைப்படகுல வேலை பாக்குறவன் தொழிலுக்கே போக முடியாது, படகு திங்கள், புதன், சனி காலைல போனா மறுநாள்தான் கரைக்கு வரும். கையெழுத்துக்குப் போகாம கடலுக்குப் போனா பெயில ரத்து பண்ணிருவாங்க. ஒரு மாசமாவது ஒழுங்கா கையெழுத்து போட்டுட்டு நிபந்தனைய தளர்த்தச் சொல்லி பெட்டிஷன் போடுங்க, தொழில் நாள எழுதி, படகு ஓனர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி வச்சு, வாரத்துக்கு ஒரு நாள் வெள்ளிக்கிழமைன்னு கேளுங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அந்த நேரத்துல பெயில் வந்துச்சுன்னா கையெழுத்து நாளெல்லாம் அதுலயே கழிஞ்சுரும், ஜூன் முதல் வாரத்துல தளர்வு பெட்டிஷன் போட்டா படகு கிளம்புற அன்னைக்கு ஆளு ரெடியா இருப்பான். இந்த பெட்டிஷனுக்கும் சட்ட உதவி வக்கீலே போதும்.